சிலுப்பினால் சம்மதம்

அந்த வருசம் வாகைமடையில் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தி எந்தச் சகுனமும் இல்லை. பல்லி சொல்லவில்லை, ஆந்தை அலறவில்லை, வேப்பமரத்தில் பால் வடியவில்லை; மேளக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியது ஒன்றுதான் கொஞ்சம் வழக்கத்துக்கு மாறானது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. அதனால் சித்திரை மாசம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மதியக்கொடையில், நல்ல உச்சி வெயிலில், மாலை போட்ட கிடாக்கள் பதினொன்றும் வரிசையாய் நிற்க, ஊரே பந்தலுக்குள் நெருக்கியடித்து நிற்க, பலவேசம் தன் பித்தளைச் செம்போடு முதல் கிடாவுக்கு முன்னால் போய், முப்பத்திரண்டு வருசமாய் எப்படி நின்றாரோ அப்படியேதான் நின்றார்.

பலவேசத்துக்கு வேலை தண்ணீர் ஊற்றுவது. வெட்டுகிறவர் வேறே, அவர் சாமியாடி இசக்கி. வெட்டுவதற்கு ஒருத்தர், அதற்கு முன்னால் கேட்பதற்கு ஒருத்தர் என்று வைத்திருந்ததில்தான் வாகைமடையின் பெருமை முழுக்க இருந்தது. ஓடைக்கரை மாடன் நியாயஸ்தன், கேட்காமல் ஒரு உயிரை வாங்க மாட்டான். பக்கத்து ஊர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவனுவ கேக்காம வெட்டுத பயலுவ" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள். இங்கே அப்படியா? கிடாவுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, திருநீறு இட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, "மாடனுக்குப் போக ஒனக்குச் சம்மதமா" என்று மரியாதையாய்க் கேட்பார்கள். கிடா சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் கயிற்றை அவிழ்த்து ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும். முப்பத்திரண்டு வருசத்தில் அப்படி அவிழ்த்துவிட வேண்டிவந்த கிடா ஒன்றுகூட இல்லை. வாகைமடைக் கிடாக்களுக்கு அவ்வளவு பக்தி.

பலவேசத்தின் கைக்குத்தான் தெரியும் அது என்ன பக்தி என்று. செம்பைச் சாய்க்கும்போது தண்ணீர் நெற்றியில் விழுகிற மாதிரித் தெரியும். கடைசி மூணு சொட்டு இடது காதுக்குள் போகும். காதுக்குள் தண்ணீர் போனால் ஆடு சிலுப்பும், மாடு சிலுப்பும், ஆளும் சிலுப்புவான். இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி அந்த மூணு சொட்டைக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருசம் நடந்தார்.

அந்த வருசம் கல் கூடுதலாய்க் கனத்தது. வரிசையில் கடைசியாய் நின்ற கிடா அவர் வீட்டுக் கிடா.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அவர் மகள் செண்பகத்துக்கு மஞ்சக்காமாலை வந்து, கண்ணும் நகமும் பூசணிப்பூ நிறத்துக்குப் போய், டாக்டரே வாசலைப் பார்த்துக்கொண்டு பேசின நேரத்தில், பலவேசத்தின் பெண்டாட்டி தங்கம் மாடன் முன்னால் போய் விழுந்து, "எம்பிள்ளைய விட்டுரு, ஒனக்கு ஒரு கிடா தாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்த வாரமே ஒரு குட்டியும் வீட்டுக்கு வந்தது. செண்பகம் பீடி சுற்றுகிற சுளகுக்குப் பக்கத்திலேயே அது படுத்துக் கிடந்து, வெட்டிப்போட்ட இலைத்துண்டுகளைத் தின்று வளர்ந்தது. புகையிலைத் தூளை மட்டும் தொடாது. நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பேர் வைத்தாள். தனக்குப் பதிலாய் வளர்கிற உயிர் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பேர் வைத்தாள்.

கொடை அன்றைக்குக் காலையில் அவள், "எப்பா, கருப்பட்டிக்கும் நீங்கதான் ஊத்துவியளா?" என்று கேட்டாள்.

"பொறவு யாரு ஊத்துவா?"

"பாத்து ஊத்துங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ரெண்டு வார்த்தையைக் கோயில் வருகிறவரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார் பலவேசம். எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்தியது.

முதல் கிடா ஊர்த்தலைவர் வண்ணமுத்துவுடையது, கன்னுக்குட்டி உயரம். பலவேசம் கேட்டார், செம்பைச் சாய்த்தார், மூணு சொட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போனது. கிடா அப்படியே நின்றது, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி. சிலுப்பல் வந்தது, வராமல் இல்லை. அது பலவேசத்துக்கு வந்தது. குதிகாலில் தொடங்கி, முழங்காலைப் பிடித்து, இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகு வழியாய் ஏறி, கழுத்தில் போய் நின்று, தலையை இடமும் வலமும் படபடவென்று அடித்து உதறியது. ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத அவருடைய வழுக்கை மண்டையிலிருந்து திவலைகள் தெறித்துத் தலைவரின் சரிகைத் துண்டில் விழுந்தன.

"என்னவே பலவேசம், ஒமக்கு அருள் வந்துட்டோ?"

"எனக்கு ஒண்ணும் வரல தலைவரே. கை தவறிட்டு."

திரும்ப ஊற்றினார். கிடா அசை போட்டது, பலவேசம் சிலுப்பினார். மூணாவது தடவை வெட்கத்தை விட்டுச் செம்புத் தண்ணீர் முழுவதையும் காதுக்குள்ளேயே கவிழ்த்தார். கோடையில் காய்ந்த வாய்க்கால் முதல் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி அந்தக் காது குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பலவேசம் பல் கிட்டிக்கொள்கிற அளவுக்குச் சிலுப்பினார்.

ஓங்கின அரிவாளோடு பக்கத்தில் நின்ற சாமியாடி இசக்கி, மாடனின் கண்ணால் முழித்துக்கொண்டு, தன்னுடைய சொந்தக் குரலில், "சட்டுனு கேட்டு முடியும்வே, கை கடுக்கு" என்றார்.

தலைவர் செம்பைப் பிடுங்கித் தானே ஊற்றினார். அவர் சிலுப்பின சிலுப்பலில் வேட்டி எங்கோ போக, ஏழு பேர் ஓடிவந்து மறைத்தார்கள். டீக்கடைக்காரர் ஊற்றினார், சிலுப்பினார். இது நரம்பு சம்பந்தப்பட்ட சங்கதி என்று விளக்கம் சொல்லிக்கொண்டே வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஊற்றினார், சிலுப்பினார், கண்ணாடி பறந்து மேளத்தின் மேல் விழுந்து ஒரு தடவை கொட்டியது. அடுத்த கிடா, அதற்கடுத்த கிடா, கடைசியில் கருப்பட்டி. ஊற்றினவர்கள் எல்லாரும் சிலுப்பினார்கள். பதினோரு கிடாவும் ஓர் ஈரமும் இல்லாமல் நின்று ஊரைப் பார்த்தன. நாற்பது ஆண்பிள்ளைகள் நனையாமலே நனைந்த கோழிகளாய் நின்று கிடாக்களைப் பார்த்தார்கள்.

ஏன் இப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊருக்கு அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று வந்துவிட்டது: வெங்காயம் வதக்கியாயிற்று, மசாலா அரைத்தாயிற்று, கறி இல்லை. கத்தரிக்காயை வாங்கிவந்து அந்த மசாலாவில் போட்டார்கள். பந்தியில் அந்தக் குழம்பு ஊற்றப்பட்டபோது இழவு விழுந்த வீட்டு அமைதி நிலவியது. மாடனுக்காக அழாதவர்கள் கத்தரிக்காய்க்காக அழுதார்கள்.

சாயங்காலம் ஊர் கூடியது. சட்டப்படி பதினொன்றையும் ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும் என்று யாரோ மெதுவாய்ச் சொல்ல, தலைவர் வண்ணமுத்து புது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"சம்மதம் வரலன்னு யாருய்யா சொன்னது? வந்துருக்கு. ஆடு குடுக்க வேண்டியத ஆளு குடுத்துருக்கான். சம்மதம் சம்மதந்தான். நாப்பத்தோரு நாள் தள்ளி மறுகொடை வைப்போம், அதுவரைக்கும் கெடா அவங்கவங்க வீட்டுல நிக்கட்டும்."

மறுநாள் காலையில் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினவர்கள், ஆறரை பஸ் ஏழு மணிக்கு மாறிவிட்டதைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசினார்கள். ஆட்டிடம் இருந்த சிலுப்பல் ஆளிடம் வந்துவிட்டது, ஆகட்டும், நமக்குத் தோட்ட வேலை இருக்கிறது. ஆனால் நாலு நாளில் இன்னொன்றும் தெரிந்தது. யார் மேல் யார் தண்ணீர் ஊற்றி என்ன கேட்டாலும் போதும், தண்ணீர் பட்ட ஆளுக்குச் சிலுப்பல் வந்துவிடும். வாய்க்காலில் கை கழுவின தலைவர் தண்ணீரை உதற, அது வேலைக்காரர் மாசானத்தின் மேல் தெறித்தது. தலைவர் பேச்சுவாக்கில், "நாளைக்கு மதியச் சோறு கேக்காம களை எடுக்க வாரியாடே" என்று கேட்டிருந்தார். மாசானம் காதும் தோளும் ஆடச் சிலுப்பினார்.

"ஊரே பாத்துச்சு, சம்மதிச்சிட்டான்" என்றார் தலைவர்.

"குளிருல சிலுப்பிட்டு தலைவரே."

"சித்திரை வெயில்ல என்னடே குளிரு? முப்பத்திரண்டு வருசத்துல ஒரு கெடாவாவது குளிருன்னு சொல்லிருக்கா?"

அதற்குப் பதில் சொல்லக்கூடிய கிடாக்கள் யாவும் செரித்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வாகைமடையில் சம்மதத்துக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. மாமியார்கள் மருமகள்களிடம் சம்மதம் வாங்கினார்கள், வாத்தியார் பிள்ளைகளிடம் சம்மதம் வாங்கினார், டீக்கடைக்காரர் கைகழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சாக்கில், பால் குறைவாய் இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டு வாடிக்கைக்காரர்களைச் சிலுப்பவைத்தார். மேகமே இல்லாத வெயிலில் ஜனங்கள் குடை பிடித்து நடந்தார்கள். குழாயடியில் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு ஆகிவிட்டது. பெண்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள், "என்னக்கா, சௌக்கியமா" என்று கேட்பதற்குக்கூட நாலு குடம் தள்ளி நின்றார்கள். புருசன் பெண்டாட்டி ஒரே நேரத்தில் முகம் கழுவுகிற பழக்கம் ஊரில் அற்றுப்போனது. எல்லாரும் மாட்டிக்கொண்டபோது குளிர் என்றார்கள், மாட்டிவைத்தபோது சம்மதம் என்றார்கள். அதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை.

முப்பதாம் நாள் தலைவர் வண்ணமுத்து பலவேசத்தின் வீட்டுக்கு வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு.

"நம்ம தம்பி நயினாருக்கு மூத்த தாரம் போயி மூணு மாசமாச்சு. அவன் ஆலையப் பாக்கவும் ஆளில்ல, அவனப் பாக்கவும் ஆளில்ல. செண்பகத்தக் கேக்கலாம்னு வந்தேன்."

நயினாருக்கு நாற்பத்தெட்டு வயது. மீசைக்கு மை போடுவார், புருவத்துக்குப் போட மறந்துவிடுவார். செண்பகத்துக்கு இருபத்திரண்டு.

பலவேசம் தொண்டையைச் செருமினார். "பிள்ளைட்ட ஒரு வார்த்தை…"

"அத நான் சொல்லணுமாவே? பிள்ளையக் கேட்டுத்தான் செய்வோம். கேக்காம செய்யுத ஊரா இது? வெள்ளிக்கிழமை காலம்பற கோயில் முன்னால வச்சுக் கேப்போம். நீரே ஊத்தும். கைராசி உள்ள ஆளு."

தட்டை வைத்துவிட்டுப் போனார். தங்கம் அடுக்களை வாசலில் நின்று கேட்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, மாட்டேன்னு ஒரு சொல்லு சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லையா?"

"கேக்கத்தான செய்யுதாவ. அவளுக்குச் சம்மதம் இல்லன்னா…"

"இல்லன்னா? எந்தக் கெடா இல்லன்னு சொல்லித் திரும்பி வந்துருக்கு?"

செண்பகம் சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்பாவே ஊத்தட்டும்மா. எங்க ஊத்தணும்னு அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

கருப்பட்டி ஒரு பீடி இலைத்துண்டை மென்றுகொண்டே அவரைப் பார்த்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை அவர் யார் முகத்தையும் நேராய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செண்பகத்துக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டுக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். கிடாக்கள் நின்று நின்று குழிந்துபோன இடம் ஒன்று அங்கே இருக்கிறது; வேறே இடத்தில் நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அங்கேதானே நிழல். தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நயினார், மீசை கறுப்பு, புருவம் வெள்ளை. கேட்பது என்றால் முறைப்படி கேட்க வேண்டும் என்று சாமியாடி இசக்கியையும் அரிவாளோடு வரச்சொல்லியிருந்தார்கள். கருப்பட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு செண்பகத்தின் பின்னாலேயே வந்து நின்றது.

பலவேசம் செம்பைத் தூக்கினார். கைக்கு வழி தெரியும். முப்பத்திரண்டு வருசம் போன வழி, நெற்றியிலிருந்து இடது காதுக்கு. அந்தக் காதில் தோடு இல்லை, துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தது. காமாலையில் கிடந்தபோது அந்தக் காதில்தான் அவர், "அப்பா இங்கதான் இருக்கேன் தாயி" என்று ராத்திரி பகல் பாராமல் சொல்லிக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குச் சாயப்போனது. அவர் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துச் செம்பைத் தரையில் வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "முப்பத்திரண்டு வருசமா நான் காதுல ஊத்துதேன். நெத்தியில ஊத்துத மாதிரிக் காட்டி, மூணு சொட்டு காதுல விடுதேன். அதான் சிலுப்புது. மாடன் வரல, பக்தியும் இல்ல. ஒரு கெடாகூடச் சம்மதிக்கல. ஒண்ணுகூட."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கல் வந்து விழும், காறித் துப்புவார்கள், வானம் இடிந்தாலும் இடியும் என்று காத்து நின்றார்.

"சரி" என்றார் தலைவர், கொட்டாவி விட்டுக்கொண்டு.

பலவேசம் கண்ணைத் திறந்தார்.

"தெரியும்வே" என்றார் இசக்கி. "பக்கத்துலதான நிக்கேன். ஒரு கொடைக்கு வலது காதுல ஊத்துனீரு, இடுப்புப் பிடிச்சிருக்கு போலன்னு நெனச்சேன்."

"எனக்கு எங்க மாமியா சொன்னா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "நான் அந்தப் பள்ளிக்கூட மரத்துல ஏறிப் பாத்தேன்" என்றது ஒரு பொடிசு. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் மட்டும் மடியில் கட்டிக்கொண்டு அலைந்த கல் ஊரில் ஒவ்வொருத்தர் மடியிலும் இருந்தது; யாருக்கும் கனக்கவில்லை, அவ்வளவுதான்.

"எப்படிச் சிலுப்புச்சின்னு யாரு கேட்டா? சிலுப்புச்சா இல்லையா, அதான் கணக்கு" என்றார் தலைவர். "நேரமாகுது, ஊத்தும்."

பலவேசம் குனிந்து செம்பை எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாய் அவர் தலை, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, தானாய் ஆடியது. இடமும் வலமும். மாட்டேன் என்று.

செம்பைச் செண்பகம் எடுத்தாள். மாலை அசைய நடந்து போனாள், பிளாஸ்டிக் நாற்காலி வரைக்கும். எல்லாரும் அவள் தலைவர் காலைக் கழுவப்போகிறாள் என்று நினைத்து, நல்ல பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார்கள். அவள் செம்பைத் தலைவரின் தலையில் கவிழ்த்தாள். இடது காதில் மூணு சொட்டு விடவும் மறக்கவில்லை.

"மாமா, மாடனுக்குப் போக ஒங்களுக்குச் சம்மதமா?"

தலைவர் வண்ணமுத்து சிலுப்பின அந்தச் சிலுப்பல் மாதிரி வாகைமடையில் எந்தக் கிடாவும் சிலுப்பியது கிடையாது. நாற்காலி நாலு காலில் ஆடியது, சரிகைத் துண்டு சுழன்று நயினார் முகத்தில் போய் ஒட்டி மீசை மையை எடுத்தது, பந்தல் ஓலையில் இருந்த காக்காய் பறந்தது. முழுச் சம்மதம். குறை சொல்ல இடமில்லாத சம்மதம். அந்தச் சிலுப்பலைப் பார்த்த மாத்திரத்தில், வருசக்கணக்கான பழக்கத்தில், சாமியாடி இசக்கியின் கை தன்னால் அரிவாளை ஓங்கிவிட்டது.

"ஏலே, ஏலே, இசக்கி" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார் தலைவர். "குளிருடே. குளிருல சிலுப்பிட்டு. சம்மதம் இல்ல. தண்ணி பட்டா ஒடம்பு சிலுப்பும், அதுக்குப் பேரு சம்மதமாடே?"

கூட்டத்தின் பின்னாலிருந்து வேலைக்காரர் மாசானம் நிதானமாய்க் கேட்டார்: "வைகாசி வெயில்லயா தலைவரே?"

அன்றைக்கு மதியமே ஊர் கூடித் தீர்மானம் போட்டது. சிலுப்பினால் சம்மதம் இல்லை, அது குளிர். தட்டும் வெற்றிலையும் திரும்பிப் போயின. மாசானத்துக்கு மதியச் சோறு திரும்பி வந்தது. எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்த நேரத்தில் செண்பகம், "அப்ப கெடாவுக்கு?" என்று கேட்டாள்.

ஊர் யோசித்தது. சிலுப்பல் குளிர் என்றால், இதுவரைக்கும் தின்றதெல்லாம் சம்மதிக்காத கிடா என்று ஆகும். யோசிக்க யோசிக்க ஏப்பம் மாதிரி ஏதோ மேலே வந்தது. கடைசியில் ரிட்டயர்டு வாத்தியார்தான் வழி கண்டுபிடித்தார். தப்பு வெட்டுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. இந்தக் காலத்தில் போய் ஆட்டிடம் சம்மதம் கேட்பது மூடநம்பிக்கை. பக்கத்து ஊரெல்லாம் கேட்காமலேதானே முன்னேறியிருக்கிறது? இனிமேல் கேட்க வேண்டாம், நேராய் வெட்டிவிடலாம். எல்லாரும் கை தட்டினார்கள், எல்லாருக்கும் மனசில் ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. பலவேசத்தின் வேலையை எடுத்துவிட்டு, முப்பத்திரண்டு வருசச் சேவைக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கம் கருப்பட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நேந்தது நேந்ததுதான, குடுக்காம விட்டா அவளுக்கு ஏதாவது ஆயிருமோ" என்றாள். பலவேசத்துக்கும் அதே பயம்தான். கொடுத்தால் கிடா போகும், கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும். "மாடன்ட்டயே கேட்டுருவோம்" என்று சொல்ல வந்தவர், இனிமேல் கேட்பது கிடையாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

நாற்பத்தோராம் நாள் மதியம் மறுகொடை. தலைவர் காதில் விழுந்த மூணு சொட்டு இன்னும் காயவில்லை போலிருக்கிறது, பலவேசம் வீட்டுக் கிடாவைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார். நேர்ந்த கிடா ஊர்க்கிடா என்று நாலு பேர் வந்து இழுத்துப் போனார்கள். செண்பகம் கயிற்றின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டே கூடப் போனாள். பலவேசம் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, செய்ய வேலை இல்லாத செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்றார்.

மேளம் ஏறியது. மஞ்சள் இல்லை, மாலை இல்லை, தண்ணீர் இல்லை, கேள்வி இல்லை. எல்லாம் சுருக்கமாய், சுத்தமாய் இருந்தது. இசக்கி அரிவாளை ஓங்கினார். பலவேசம், தனக்கே தெரியாமல், கருப்பட்டிக்கும் அரிவாளுக்கும் நடுவில் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அப்போது மழை வந்தது. மேற்கே எருமை மாதிரி ஒரே ஒரு மேகம் படுத்திருந்ததை யாரும் மதிக்கவில்லை. அது எழுந்து வந்து வாகைமடைக் கோயிலுக்கு நேர் மேலே நின்று, ஒரு செம்பு, ஒரு குடம் என்றில்லாமல் மொத்தமாய்க் கவிழ்த்தது. பந்தல் ஓலை பிய்ந்துபோய் ஊர் முழுக்க நனைந்தது. தலைவர் நனைந்தார், நயினார் நனைந்து மீசையும் புருவமும் ஒரே நிறமாயின, வாத்தியார் தீர்மான நோட்டோடு நனைந்தார். கிடாக்கள் பதினொன்றும் ஒரு முடிகூட நனையாமல் நின்றன. கருப்பட்டி தலையைத் தூக்கி, கூட்டத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு, நிதானமாய், மரியாதையாய், "ம்மே" என்றது.

ஊர் மொத்தமும் சிலுப்பியது. பெரியவர் சின்னவர் இல்லை, ஆண் பெண் இல்லை, குதிகாலிலிருந்து உச்சி வரைக்கும் முந்நூறு பேர் ஒரே தாளத்தில் சிலுப்பினார்கள். இசக்கியின் கையிலிருந்து அரிவாள் நழுவிச் சேற்றில் விழுந்தது. சிலுப்பாமல் நின்றது ரெண்டு பேர், பலவேசமும் செண்பகமும். அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, தண்ணீர் படுகிற நேரத்தில் கேள்வி கேட்பதை ஊர் மறந்து நாற்பது நாள் ஆயிற்று.

மழை நின்றது. கருப்பட்டி கேட்டது ஒரு கேள்விதான் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. வருசக்கணக்காய்க் கேட்டே பழகின ஊருக்குக் கேள்வியின் ராகம் தெரியாதா? என்ன கேட்டது என்பதுதான் தெரியவில்லை. எதற்கோ சம்மதித்துவிட்டார்கள், முந்நூறு பேரும், அந்த ரெண்டு பேர் தவிர ஒருத்தர் பாக்கி இல்லாமல். இது குளிர் என்று சொல்வதற்காகத் தலைவர் வண்ணமுத்து வாயைத் திறந்தார். பதினோரு கிடாவும் அவரைத் திரும்பிப் பார்த்தன. அவர் வாயை மூடிக்கொண்டார்.

பலவேசம் செம்பைப் பார்த்தார். மழை அதை விளிம்பு வரைக்கும் நிரப்பியிருந்தது. காலையிலிருந்து கட்டிப்போட்ட கிடாவுக்குத் தாகம் இருக்கும் என்பது அந்தச் செம்பைப் பிடித்த இத்தனை வருசத்தில் அவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. உட்கார்ந்து கருப்பட்டியின் வாய்க்கு நேராய்ப் பிடித்தார். அது மூச்சு விடாமல் குடித்தது. கடைசி மூணு சொட்டையும் நக்கிவிட்டுக் காதை ஆட்டியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. செண்பகத்துக்கு அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூட வரவில்லை என்பதால் மாடனும் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிகிறது.

அன்றிலிருந்து வாகைமடைக்காரர்கள் ஆடுகளிடம் ரொம்ப மரியாதை. ரோட்டில் ஆடு படுத்திருந்தால் ஏழு மணி பஸ் ஏழரை வரைக்கும் நிற்கும். வீட்டுக்குள் புகுந்து அரிசியைத் தின்றால், ஒருவேளை இதற்குத்தான் சம்மதித்தோமோ என்று ஒதுங்கி நிற்பார்கள். வாத்தியாரின் தீர்மான நோட்டைக் கருப்பட்டி ஒரு பக்கம் விடாமல் தின்றபோது அவர் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். கொடைக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான், அதற்கும் இப்போது நாக்கு பழகிவிட்டது. அரிவாள் எங்கே என்று இசக்கியிடம் கேட்டால், புல்லறுக்க எடுத்துப் போனேன் என்பார், யாருக்காக என்று சொல்ல மாட்டார்.

தலைவர் வண்ணமுத்துவும் நன்றாகத்தான் இருக்கிறார். குளிக்கப் போகும்போது மட்டும், வாய்க்காலில் காலை வைப்பதற்கு முன்னால், துண்டைத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் ஒரு தடவை நன்றாய்ப் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் ஆடு ஏதும் நிற்கிறதா என்று.